ஆன்லைன் டிராயிங் கிளாஸ்: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது வேறு வழியில்லாமல்தான் டிராயிங் கிளாஸைப் போனுக்கு மாற்றினேன். எல்லாம் சரியானதும் பழையபடி அறைக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் பாதி வகுப்பு இன்றும் ஆன்லைனில்தான் நடக்கிறது. சில விஷயங்கள் அங்கேதான் நன்றாக வருகின்றன என்பது எனக்கே ஆச்சரியம். புதிதாகச் சேருகிறவர்கள் வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்பதால் இங்கே தொகுத்து வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

"டிராயிங்கைப் போய் ஆன்லைன்ல எப்படிங்க சொல்லித் தர முடியும்?"

என் மேஜைக்கு மேலே ஸ்டாண்டில் ஒரு போன் கவிழ்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். என் முகம் தெரியாது. கையும் பேப்பரும் மட்டும் தெரியும். அறையில் நடத்தும்போது மேஜையைச் சுற்றி எல்லோரும் நிற்பார்கள். எதிரே நிற்கிற பிள்ளைக்குப் படம் தலைகீழாகத் தெரியும், வலப்பக்கம் நிற்கிற பிள்ளைக்கு என் முழங்கைதான் தெரியும். ஆன்லைனில் எல்லோருக்கும் முதல் வரிசை. அதுவும் நான் பார்க்கிற கோணத்திலேயே பார்க்கிறார்கள்.

வாட்டர்கலரில் இந்த வித்தியாசம் ரொம்பத் தெரியும். பேப்பரைக் கொஞ்சம் சாய்த்து வைத்து வாஷ் (தண்ணீர் நிறையக் கலந்த கலரைப் பரப்புவது) அடிக்கும்போது, கீழ் விளிம்பில் கலர் தண்ணீர் வரப்பு மாதிரி திரண்டு நிற்கும். அடுத்த இழுப்பில் பிரஷ் நுனி அதைத் தொட்டுக் கீழே கூட்டிக்கொண்டு வரவேண்டும். தாமதித்தால் காய்ந்து கோடு விழுந்துவிடும். இதை அறையில் நான் வாயால் சொல்லுவேன். நாலு அடி தள்ளி நிற்பவருக்கு அந்த விளிம்பு தெரியவே தெரியாது. இப்போது ஸ்கிரீன் முழுக்க அதுதான்.

"என்னென்ன வாங்கணும்? ஐபேட் கட்டாயமா?"

வேண்டாம். ஒரு போன், அதை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டு, அல்லது புத்தக அடுக்கு. ஏ4 ஸ்கெட்ச் நோட்டு, எச்பி, 2பி, 4பி, 6பி பென்சில்கள், ரப்பர், ஷார்ப்பனர் போதும். பெரியவர்கள் பிளேடால் சீவிக்கொண்டால் முனை நீளமாக வரும். வாட்டர்கலருக்கு வரும்போது மட்டும் பேப்பரில் கஞ்சத்தனம் வேண்டாம். 300 ஜிஎஸ்எம் என்று போட்ட தடிமனான பேப்பர் வாங்குங்கள். மெலிசான சார்ட்டில் தண்ணீர் பட்டால் சுருண்டுகொள்ளும். பிள்ளை தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

வெளிச்சம் முக்கியம். வலது கைக்காரர்களுக்கு இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும், இடது கைக்காரர்களுக்கு வலப்பக்கத்திலிருந்து. இல்லையென்றால் சொந்தக் கை நிழலிலேயே வரைய வேண்டியிருக்கும்.

"எங்க ஏரியாவுல நெட் விட்டு விட்டு வரும். பரவாயில்லையா?"

பரவாயில்லை. உங்கள் வீடியோவை அணைத்துவிட்டு என் வீடியோவை மட்டும் பாருங்கள். படத்தைப் போட்டோவாக அனுப்புவதுதான் நமக்கு முக்கியம்.

"நீங்க பக்கத்துல இல்லையே. தப்பாப் போட்டா யார் கையப் பிடிச்சுத் திருத்துவாங்க?"

அதிகம் வருகிற கேள்வி இதுதான். ஆன்லைனுக்கு வந்ததில் பெரிய லாபமும் இதிலேதான் கிடைத்தது என்பேன்.

நம் ஊர் டிராயிங் வகுப்புகளில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை முகம் வரையும். கண் ஒன்று மேலே, ஒன்று கீழே இருக்கும். வாத்தியார் வருவார், பென்சிலை வாங்குவார், நாலு இழுப்பில் கண்ணைச் சரி செய்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். வீட்டில் எல்லோரும் கண் பிரமாதம் என்பார்கள். அந்தக் கண் வாத்தியாருடையது என்று பிள்ளைக்கு மட்டும் தெரியும். அடுத்த முகத்திலும் கண் கோணலாகத்தான் வரும்.

போன் வழியாக என்னால் பென்சிலை வாங்க முடியாது. அதனால் படத்தின் போட்டோவை என் டேப்லெட்டில் திறந்து, அதன் மேல் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுகிறேன். பிள்ளையின் பேப்பர் அப்படியே இருக்கும். சிவப்புக் கோட்டைப் பார்த்து, தன் பேப்பரில் தானே அழித்து, தானே போடவேண்டும். மூன்று தடவை அழிக்கும். நாலாவது தடவை சரியாக வருகிற கண், அதன் சொந்தக் கண்.

இன்னொன்றும் நடந்தது. கை போகாத இடத்துக்கு வார்த்தை போக வேண்டியிருந்தது. "இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளு", "லேசா இறக்கு" என்பதெல்லாம் போனில் செல்லுபடியாகாது. "ரெண்டு கண்ணுக்கும் நடுவே இன்னொரு கண் உட்காரும் அளவு இடம் விடு", "தலை உச்சிக்கும் முகவாய்க்கும் சரிபாதியில் கண்" என்று அளவோடு சொல்லியாக வேண்டும். அப்படிச் சொன்னது பிள்ளைகளின் காதில் தங்கிவிடுகிறது. தங்கச்சி வரையும்போது அக்கா அதையே சொல்லித் திருத்துவதைக் கேட்டிருக்கிறேன்.

"போட்டோ எடுத்து அனுப்பு, அனுப்புங்கறீங்களே. வீடியோவுலயே காட்டினா ஆகாதா?"

வீடியோவில் மெல்லிய பென்சில் கோடு தெரியாது. அது ஒரு காரணம். இன்னொன்று, போட்டோ எடுக்கிற வேலையே ஒரு பாடம். ஒரு மணி நேரம் மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்த படம், போனில் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி நிற்கும்போது வேறு யாரோ வரைந்த மாதிரி தெரியும். அந்த நொடியில் "ஐயோ, பானை சாய்ஞ்சிருக்கே" என்று தானாகவே கண்ணில் படும். நான் ஒன்றுமே சொல்லாமல், "இருங்க, சரி பண்ணிட்டு வேற அனுப்பறேன்" என்று எத்தனையோ பேர் செய்தி போட்டிருக்கிறார்கள்.

இதோடு இரண்டு வேலை சேர்த்துச் செய்யச் சொல்லுவேன். போட்டோவை இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்பது ஒன்று. வரைந்ததைக் கண்ணாடியில் பார்த்தால் பிழை தெரியும் என்று லியனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். போனில் ஒரு பட்டனில் அதைச் செய்துவிடலாம். இன்னொன்று, கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது. சிவப்புப் பூவும் பச்சை இலையும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொண்டால், வெளிச்சம் நிழல் பிரிக்கவில்லை என்று அர்த்தம். கண்ணைச் சுருக்கிப் பார் என்று காலங்காலமாக வாத்தியார்கள் சொல்லி வந்ததும் இதற்குத்தான். சின்னப் பிள்ளைகளுக்குக் கண்ணைச் சுருக்குவதைவிடப் பட்டன் அமுக்குவது சுலபமாக வருகிறது.

அப்புறம், தேதியோடு எல்லாம் போனிலேயே கிடக்கும். "எனக்கு ஒண்ணும் வரலை" என்று அழுகிற பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு முந்தைய படத்தை எடுத்துக் காட்டினால் போதும்.

"நான் எடுக்கற போட்டோல பேப்பர் சாம்பலா வருது, பானை ஒரு பக்கம் வீங்கித் தெரியுதே?"

வெள்ளைப் பேப்பர் பிரேம் முழுக்க நிறைந்தால் வெளிச்சம் அதிகம் என்று கேமரா நினைத்துக்கொண்டு மங்கலாக்கிவிடும். பேப்பரைத் தொட்டு, பக்கத்தில் வருகிற சூரியன் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். வீங்குவது ரொம்பக் கிட்டே போய் எடுப்பதால். ஓர் அடி பின்னால் வந்து, 2 மடங்கு ஜூம் வைத்து, பேப்பருக்கு நேராகப் பிடித்து எடுங்கள். டியூப்லைட்டுக்கு நேர் கீழே எடுத்தால் போனின் நிழல் விழும், ஜன்னலோரம் போய்விடுங்கள்.

"நீங்க போடற கலர் ஒரு மாதிரி இருக்கு, நான் போட்டா வேற மாதிரி இருக்கு. எதை நம்பறது?"

முதலில் போனில் கண்ணுக்கு இதமான மஞ்சள் வெளிச்சம் ஓடுகிறதா பாருங்கள். சாயங்கால வகுப்பில் பாதிப் பேருக்கு அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். நீலமெல்லாம் பச்சையடித்துத் தெரியும். அதை அணைத்தாலும் இரண்டு போனில் ஒரே கலர் தெரியாது.

அதனால் ஸ்கிரீனைப் பார்த்துக் கலர் பிடிக்கிற பழக்கத்தையே விட்டுவிட்டோம். "அல்ட்ராமரைன் நீலம் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு ஒரு பங்கு, நிறையத் தண்ணீர்" என்று சொல்லுவேன். மழை மேகச் சாம்பல் வரும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த சாம்பல், சியன்னாவைக் கூட்டினால் வெதுவெதுப்பான சாம்பல். கறுப்பு டியூப் தேவையில்லை. ஸ்கிரீன் பொய் சொன்னதால்தான் பிள்ளைகள் கலவைக் கணக்குக் கற்றுக்கொண்டார்கள்.

"கிளாஸ்னா பானை, பூச்சாடி எல்லாம் வெச்சிருப்பீங்க. வீட்டுல எதைப் பாத்து வரையறது?"

வீட்டில் இருப்பதை. பயிற்சிக்கென்றே வாங்கி வைத்த பிளாஸ்டிக் ஆப்பிளும் தூசி படிந்த பூச்சாடியும் என் அறையில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் மேல் யாருக்கும் பிரியம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆன்லைனில் முதல் மாதம் "சமையலறையிலிருந்து ஒரு பொருள்" என்றேன். குக்கர், காபி பில்டர், அஞ்சறைப் பெட்டி, பிடி உடைந்த தேங்காய்த் துருவி எல்லாம் வந்தன. காபி பில்டரை வரைந்தவர் அதன் அடித்தட்டில் இருந்த நசுங்கலைக்கூட விடவில்லை.

எவர்சில்வர் டம்ளர் ஒன்று போதும், ஒரு மாதப் பாடம் நடத்தலாம். ஆரம்பத்தில் எல்லோரும் டம்ளர் முழுக்க ஒரே சாம்பலாகத் தேய்ப்பார்கள். உற்றுப் பார்த்தால் அங்கே சாம்பல் குறைவு. பளிச்சென்ற வெள்ளைப் பட்டைக்கு ஒட்டியே கன்னங்கரேலென்று ஒரு பட்டை, அதற்குள் ஜன்னல் கம்பி வளைந்து தெரியும், விளிம்பில் வரைகிறவரின் சட்டைக் கலர் ஒரு கீற்றாக ஓடும். நன்றாகக் கறுக்கிற 6பி பென்சிலை அழுத்தவே பயப்படுகிறவர்களை இந்த டம்ளர் மாற்றிவிடும். அறையில் ஒரு டம்ளரைச் சுற்றிப் பதினைந்து பேர் உட்கார்ந்தால் எல்லார் சட்டையும் அதில் தெரியும், ஒருவருக்கும் ஒன்றும் புரியாது.

"என் ஜன்னல்" என்று ஒரு தலைப்புக் கொடுத்தபோது, சென்னையிலிருந்து கொசுவலை அடித்த ஜன்னலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும், டொராண்டோவிலிருந்து பனி மூடிய காரும் வந்தன. பனியில் நிழல் நீலமாக விழுவதைச் சென்னைப் பிள்ளைகள் நம்பவில்லை. வரைந்த பெண் போனைத் திருப்பி ஜன்னலைக் காட்டினாள். எத்தனை புத்தகம் காட்டியிருந்தாலும் அவர்கள் அப்படி வாயை மூடியிருக்க மாட்டார்கள்.

"வெளிநாட்டுப் பசங்களும் ஒரே கிளாஸ்ல எப்படி? நேரம் ஒத்து வருமா?"

சனிக்கிழமை நம் நேரம் மாலை 6:30. சிங்கப்பூரில் அப்போது இரவு 9, லண்டனில் பகல் 1, டொராண்டோவில் காலை 8. யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் ஒரே நேரம். கோடையில் லண்டனும் டொராண்டோவும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அப்போது அங்கே 2, 9 ஆகிவிடும். இரண்டு ஊரும் ஒரே நாளில் மாற்றுவதில்லை என்பதால் மார்ச்சிலும் அக்டோபர், நவம்பரிலும் கொஞ்சம் குழப்பம் வரும். அந்த வாரங்களில் குழுவில் தனியாக நேரம் போடுவேன்.

"எங்கம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு. சின்ன வயசுல வரைஞ்சவங்க. சேத்துப்பீங்களா?"

தாராளமாக. இந்தக் கூட்டத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. அறை வகுப்புக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். மாடி ஏற முடியாதவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், இருட்டிய பிறகு வெளியே அனுப்பாத வீட்டுப் பெண்கள், இவர்களெல்லாம் ஆன்லைன் வந்த பிறகுதான் வந்தார்கள். பிள்ளைக்குப் போன் பிடித்துக்கொடுக்க உட்கார்ந்து, பிள்ளை வகுப்பை விட்டு நின்ற பிறகும் தொடர்கிற அம்மாக்கள் தனிக் கூட்டம்.

புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய கைக்கு இடைவெளி பார்க்கும் கண் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களுக்குச் சமச்சீர் சொல்லித் தர வேண்டியதில்லை. ரப்பரை எடுக்காமல் வைப்பதைத்தான் சொல்லித் தர வேண்டும்.

"என் பையன் வாயே திறக்க மாட்டான். ஆன்லைன்ல இன்னும் ஒதுங்கிட மாட்டானா?"

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் எழுந்து நின்று சந்தேகம் கேட்காத பிள்ளை எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி சாட்டில் கேட்கிறது. யாரும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து "இது நாயா, ஆடா?" என்று கேட்பதில்லை. முகத்தைக் காட்டச் சொல்லி நான் கட்டாயப்படுத்துவதும் இல்லை, கேமரா பேப்பரைப் பார்த்தால் போதும். ஆனால் இரண்டு வாரமாகப் படமும் வரவில்லை, சாட்டும் இல்லை என்றால் நானே கூப்பிடுவேன். அறையில் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இங்கே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

"நல்ல ஓவியத்தை எல்லாம் நேர்ல பாக்காம, ஸ்கிரீன்லயே பாத்து வளர்ற பசங்களுக்கு என்ன தெரியும்?"

பாதி நியாயம். முதலில் மறுபாதியைச் சொல்கிறேன். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642ல் வரைந்த 'இரவுக் காவல்' ஓவியத்தை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் 2022ல் 71,700 கோடி பிக்சல் படமாக இணையத்தில் போட்டது. ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 5 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி. மியூசியத்திலேயே நின்றாலும் அந்த வெடிப்பையும் பிரஷ் தடத்தையும் அவ்வளவு கிட்டே பார்க்க விடமாட்டார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017லிருந்து லட்சக்கணக்கான படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. வகுப்பு நடுவிலேயே அதைத் திறந்து, ஒரு கோட்டை மட்டும் பெரிதாக்கிக் காட்டி, அதே கோட்டைப் போடச் சொல்ல முடிகிறது.

நம் பக்கத்திலும் அப்படி ஒன்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்தவற்றை 1931ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பொதுமக்களை அங்கே விடுவதில்லை. நம்மில் பெரும்பாலானவர்களுக்குப் படமாகப் பார்த்தால்தான் உண்டு.

உங்கள் பாதிக்கு வருகிறேன். 'இரவுக் காவல்' மூன்றரை மீட்டருக்கு மேல் உயரம், நாலு மீட்டருக்கு மேல் அகலம். போனில் அது தீப்பெட்டி. அளவு தரும் திகைப்பைப் போன் தராது. அதனால் போகக்கூடிய இடத்துக்குப் போய்விடுங்கள் என்றுதான் சொல்லுவேன். புதுக்கோட்டை பக்கம் சித்தன்னவாசல் இருக்கிறது. குகையின் கூரையில் தாமரைக் குளம். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால்தான் அதை வரைந்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று தெரியும்.

"ரெக்கார்டிங் தருவீங்கதானே? அப்ப யூடியூப் பாத்தா போதாதா?"

என் கை மட்டும் தெரிகிற பகுதியைத் தருவேன். பிள்ளைகளின் முகமும் குரலும் இருக்கிற பகுதியைத் தரமாட்டேன். யூடியூபில் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், பாருங்கள். ஆனால் உங்கள் பேப்பரை யூடியூப் பார்க்காது. நாலாவது கேள்வியில் சொன்ன சிவப்புக் கோடு அங்கே வராது.

ரெக்கார்டிங்கால் ஒரு தொல்லையும் உண்டு: "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டவர்கள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. அதனால் பத்து நாளில் அழித்துவிடுகிறேன்.

"வேற படத்து மேல பேப்பர் வெச்சு டிரேஸ் எடுத்து அனுப்பினா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கோடு சொல்லிவிடும். பார்த்து வரைகிறவரின் கோடு தேடும், தயங்கும், ஓரிடத்தில் அழுந்தும், ஓரிடத்தில் மெலியும். டிரேஸ் எடுத்த கோடு ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே தடிமனில் போகும். அழித்த தடமும் இருக்காது. இப்போது ஏஐ ஆப்கள் வேறு பென்சில் படம் போட்டுத் தருகின்றன. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கட்டப் போட்டோ கேட்கிறேன்: அளவுக் கோடு, உருவம், நிழல். இது போலீஸ் வேலைக்காக ஆரம்பித்தது. எந்தக் கட்டத்தில் பிசகியது என்று இப்போது எனக்கே துல்லியமாகத் தெரிகிறது. அறையில் முடிந்த படத்தை மட்டும் பார்த்த காலத்தில் அது தெரியாது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். புருவத்தை மட்டும் "லேசா" நீங்கள் போட்டுக் கொடுக்காதீர்கள். உங்கள் கோடும் எனக்குத் தெரியும்.

"ஏற்கெனவே நாள் பூரா போன். இதுல கிளாஸும் போன்லயா? கண்ணு என்னாகும்?"

ஒரு மணி நேர வகுப்பில் ஸ்கிரீனை உற்றுப் பார்ப்பது கொஞ்ச நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் கண் பேப்பரிலும் எதிரே வைத்த பொருளிலும் இருக்கும். முடிந்தால் டிவியில் போட்டுத் தள்ளி உட்காரவையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பார்க்கச் சொல்லும் பழக்கம் வகுப்பிலேயே இருக்கிறது.

"ஆன்லைன்ல வராதது எதுவுமே இல்லையா?"

நிறைய இருக்கிறது. களிமண் வராது. தஞ்சாவூர் ஓவியத்தில் கல் பதிப்பதும் தங்க ரேக் (மெல்லிய தங்கத் தாள்) ஒட்டுவதும் பார்த்துக் கற்கலாம். ஆனால் மேடு எழுப்பக் குழைக்கிற கலவையின் பதம் விரலுக்கு விரல் கற்றுக்கொள்ள வேண்டியது. சுவரளவு படங்கள், தோளிலிருந்து கை வீசி வரைவது, ஈசல் என்கிற படம் நிறுத்தும் ஸ்டாண்டின் முன்னால் நிற்கும் விதம், இவற்றுக்கெல்லாம் ஆள் பக்கத்தில் வேண்டும். ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை நான் ஆன்லைனில் சேர்ப்பதில்லை. அவர்களுக்குப் பக்கத்துப் பிள்ளையின் கிரேயானைப் பிடுங்குவதும் பாடத்தில் சேர்த்தி.

"கவர்மென்ட் கிரேடு எக்ஸாம், லோயர், ஹையர், இதுல படிச்சு எழுதலாமா?"

எழுதலாம். ஆனால் தேர்வு மையத்தில் நேரில், குறித்த நேரத்துக்குள் வரைந்து முடிக்க வேண்டிய தேர்வு அது. வீட்டில் ரெக்கார்டிங்கை நிறுத்தி நிறுத்தி வரைந்து பழகியவர்கள் அங்கே திணறுவார்கள். கடைசி இரண்டு மாதம் கடிகாரம் வைத்து, முடிந்தவர்கள் அறை வகுப்புக்கே வந்து பழகிவிடுங்கள்.

"எல்லாம்தான் திறந்தாச்சே. நேர்ல நடத்தறதையாவது பழைய மாதிரி நடத்தலாமே, அங்கயும் எதுக்கு கேமரா?"

அறையிலும் இப்போது மேஜைக்கு மேலே கேமரா, சுவரில் டிவி இருக்கிறது. முதல் கேள்வியில் சொன்ன முழங்கைப் பிரச்சினை அங்கேயும் தீர்ந்தது. பிள்ளைகளின் பேப்பரில் நான் கை வைப்பதை நிறுத்திவிட்டேன். மேலே ஒரு டிரேசிங் பேப்பரை வைத்து அதில் சிவப்புக் கோடு போடுகிறேன். சில பெற்றோருக்கு வருத்தம்தான், ஏனென்றால் வீட்டுக்கு வருகிற படம் முன்பு போல 'பினிஷிங்'காக இல்லை.

"ஆன்லைன்தானே, பீஸக் குறைக்கக் கூடாதா?"

அறை வாடகையும் கரன்ட்டும் இல்லாத அளவுக்குக் குறைத்துத்தான் வாங்குகிறேன். அதற்கு மேல் முடியாது. அறையில் ஒரு சுற்று நடந்தால் எல்லார் படத்தையும் பார்த்துவிடலாம். இங்கே ஒவ்வொரு போட்டோவையும் திறந்து, கோடு போட்டு, குரல் பதிவும் அனுப்ப வேண்டும். வகுப்பைவிட அதற்குத்தான் நேரம் ஆகிறது. அக்காவும் தம்பியும் ஒரே போனில் உட்கார்ந்தால் பீஸ் ஒன்றரைதான். பாட்டி சும்மா கூட உட்கார்ந்து வரைந்தால் தனியாக எதுவும் இல்லை. பாட்டியின் படத்தையும் திருத்தி அனுப்ப வேண்டுமென்றால் மட்டும் மாத ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.